பழைய ஜிப்ஸியைப் பழகுவது எப்படி: புதிதாக வாங்கியவர்களுக்கு

நான்கு சக்கர இழுவை கொண்ட ஜீப் வகை வண்டியான மாருதி ஜிப்ஸியை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே ஐந்தாறு ஆண்டுகள் சாதாரணக் கார் ஓட்டியவர்கள். அதனால் ஓட்டத் தெரியும் என்ற நினைப்பிலேயே ஏறி உட்காருகிறார்கள். ஒரு மாதம் கழிவதற்குள் ஸ்டியரிங் கனக்கிறது, பின்பக்கம் குதிக்கிறது, காலுக்கடியில் ஏதோ இரைகிறது என்று பட்டறைக்கும் வீட்டுக்குமாக அலையத் தொடங்குகிறார்கள். அந்தக் குறைகளில் பாதி, வண்டியின் பிறவிக் குணம். மீதிப் பாதியில் பெரும்பங்கு, முன்பு வைத்திருந்தவர் ஆயிலும் கிரீஸும் மாற்றாமல் விட்டதாலோ, கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது லீவரைத் தெரியாமல் இழுத்ததாலோ வந்தது. அந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாகவே வசப்படும் என்பது பதினாறு ஆண்டுகளாக ஒரே ஜிப்ஸியை வைத்திருக்கும் என் அனுபவம்.

எந்த ஜிப்ஸி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

1985 இறுதியில் சந்தைக்கு வந்த முதல் ஜிப்ஸி, சுசூகியின் எஸ்.ஜே. 410 வண்டியின் நீளமான வடிவம். அதில் 970 சி.சி. கார்புரேட்டர் இன்ஜினும் நான்கு கியர்களும் இருந்தன. 1993 வாக்கில் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைக் கூட்டினார்கள். 1996இல் 1,298 சி.சி. இன்ஜினும் ஐந்து கியர்களும் கொண்ட ஜிப்ஸி கிங் வந்தது. 2000ஆம் ஆண்டில் அதே அளவுள்ள இன்ஜின் 16 வால்வுகளுடன், கார்புரேட்டருக்குப் பதிலாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ. முறைக்கு மாறி, திறன் 60 குதிரைத்திறனிலிருந்து 80க்கு உயர்ந்தது. 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நிறுத்தப்பட்டது. எல்லாமே பெட்ரோல் வண்டிகள்தாம். உதிரி பாகம் கேட்கும்போது ‘ஜிப்ஸிக்கு’ என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார். 410ஆ, கிங் கார்புரேட்டரா, எம்.பி.எஃப்.ஐ.யா என்பதையும் ஆண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இன்னும் வாங்கவில்லை என்றால், பளபளப்பான பெயின்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தரையில் படுத்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைப் பாருங்கள். ஸ்பிரிங் பட்டைகளைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிள் மாட்டியிருக்கும் இடம், பாடி சேஸிஸின்மேல் உட்காரும் ரப்பர் மவுண்டுகளின் சுற்றுப்புறம், பின்சக்கர வளைவின் உட்பக்கம் ஆகிய இடங்களில்தான் துரு முதலில் பிடிக்கிறது. ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே அரித்துப்போனது மொத்தென்று சொல்லும். இன்ஜினை எப்போது வேண்டுமானாலும் பிரித்துச் சரிசெய்யலாம், அரித்துப்போன சேஸிஸுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும், முதல் 15 ஆண்டுப் பதிவு முடிந்திருந்தால் அடுத்த ஐந்தாண்டுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்திருக்கிறார்களா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன்பே பாருங்கள். இராணுவம் ஏலத்தில் கழித்த வண்டியாக இருந்தால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

முதல் நாள் ஓட்ட வேண்டாம், அடியில் பாருங்கள்

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, ஒரு டார்ச் விளக்கோடு வண்டிக்கு அடியில் செல்லுங்கள். ஜிப்ஸியின் தரை இடைவெளி 210 மி.மீ. என்பதால் ஜாக்கி போடாமலேயே பெரும்பாலானோர் நுழைந்துவிடலாம். இன்ஜினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ் தெரியும். அதிலிருந்து ஒரு குட்டையான ஷாஃப்ட் பின்னோக்கிச் சென்று தனியாகத் தொங்கும் ஒரு பெட்டியில் சேர்கிறது. அதுதான் டிரான்ஸ்ஃபர் கேஸ். அங்கிருந்து ஒரு ஷாஃப்ட் பின் ஆக்சிலுக்கும் இன்னொன்று முன் ஆக்சிலுக்கும் போகின்றன. இந்த மூன்று ஷாஃப்டுகளையும் கையால் தொட்டு அடையாளம் கண்டுகொள்ளுங்கள், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதெல்லாம் அவற்றைப் பற்றியதுதான்.

இரண்டாவது லீவர் இந்த டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு உரியது. அதன் நிலைகள் வரிசையாக 2எச், 4எச், நியூட்ரல், 4எல். எண், இழுக்கும் சக்கரங்களின் எண்ணிக்கை; எச் என்பது மேல்நிலை (ஹை), எல் என்பது வேகம் குறைந்து இழுவை கூடும் கீழ்நிலை (லோ). 2எச்சில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4எச்சில் முன், பின் ஷாஃப்டுகள் இரண்டும் ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுழலும். இடையில் வேக வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள டிஃபரன்ஷியல் எதுவும் கிடையாது. வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடக் கூடுதலான தூரம் உருள்கின்றன. மண்ணிலும் சேற்றிலும் ஏதாவது ஒரு சக்கரம் சற்றே வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமன்செய்துவிடும். காய்ந்த தாரிலோ சிமென்ட் தரையிலோ வழுக்க இடமில்லாததால், அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டுகளிலும் பற்சக்கரங்களிலும் ஏறிக்கொண்டே போகும். எனவே காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போடவே கூடாது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கொல்லிமலையில் ஒரு தோட்டத்து மண்பாதையை 4எச்சில் ஏறி முடித்து, மழை விட்டுக் காய்ந்திருந்த தார்ச்சாலைக்கு வந்த பிறகும் லீவரை மறந்து அப்படியே இறங்கத் தொடங்கினேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் கல்லாகக் கனத்தது. அடியிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. அப்போதுதான் நினைவு வந்து லீவரை இழுத்தேன், அது அசையவே இல்லை. பலத்தைக் கூட்டி இழுக்கத்தான் கை போகும், இழுக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராக்கி, ரிவர்ஸில் நான்கைந்து மீட்டர் மெதுவாகப் பின்னால் வந்தால் முறுக்கு அவிழ்ந்து லீவர் இலகுவாகக் கழன்றுவிடும். எனக்கும் அப்படித்தான் கழன்றது.

முன்சக்கரங்களின் நடுவில், சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு பூட்டும் ஹப் இன்னொரு கண்ணி. சில வண்டிகளில் அதைக் கையால் திருகிப் பூட்ட வேண்டும், சிலவற்றில் காற்றழுத்தத்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப் இருக்கும். கையால் பூட்டுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் பூட்டியிருக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு லீவரை 4எச்சில் போட்டால், முன் டிஃபரன்ஷியல் பூட்டாத பக்கத்து ஷாஃப்டைச் சும்மா சுழற்றிக்கொண்டிருக்கும். முன்சக்கரம் எதுவும் இழுக்காது. ‘ஃபோர் வீல் வேலை செய்யவில்லை’ என்று பட்டறைக்கு வரும் வண்டிகளில் இந்தக் கதை அடிக்கடி உண்டு. ஹப்பைப் பூட்டி வைத்துக்கொண்டு 2எச்சில் ஓட்டுவதால் கேடு ஒன்றும் இல்லை, கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

தார்ச்சாலையில் பழகுதல்

முதல் இரண்டு வாரம் 2எச்சில், தெரிந்த சாலைகளில் மட்டும் ஓட்டுங்கள். நான்கு மூலையிலும் ஸ்பிரிங் பட்டை, ஏறத்தாழ ஒரு டன் எடை, 2,375 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்); காரைவிட உயரம். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் மறுபக்கமும் அதை உணரும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருகினால் தோள் வலிப்பதோடு, கிங்பின்னும் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) டை ராடும் (இரு முன்சக்கரங்களையும் இணைத்துத் திருப்பும் கம்பி) தேயும். வண்டி ஓர் அடி நகரத் தொடங்கியதும் திருப்பப் பழகுங்கள். ஏ.பி.எஸ். கிடையாது என்பதையும், காலியாக ஓட்டும்போது பின்பக்கம் மிக இலேசாக இருக்கும் என்பதையும் மழைக்காலத்தில் மறக்கக் கூடாது. ஈரமான வளைவில் திடீரென்று பிரேக் மிதித்தால் பின்பக்கம் உங்களை முந்தப் பார்க்கும்.

காற்று விஷயத்தில் பஞ்சர் கடைக்காரரின் பேச்சைக் கேட்க வேண்டாம். கார் என்றாலே 32, 35 என்று ஏற்றிவிடுவது அவர்கள் வழக்கம். இவ்வளவு இலேசான வண்டியில் அந்த அளவு காற்று வைத்தால் ஸ்பிரிங் வேலையே செய்யாமல் வண்டி பந்தாகக் குதிக்கும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவைப் பின்பற்றுங்கள். புதியவர்கள் சொல்லும் ‘கட்டை வண்டி’ என்ற குறை பெரும்பாலும் இந்தக் காற்றைக் குறைத்ததுமே பாதியாகிவிடுகிறது.

இரண்டாவது லீவரில் பயிற்சி

மழை பெய்து ஓய்ந்த ஒரு மண் மைதானமோ ஏரிக்கரையோ கிடைத்தால் போதும். வண்டியை நிறுத்தி இரண்டு ஹப்பையும் பூட்டுங்கள். கிளட்சை மிதித்து லீவரை 4எச்சில் போட்டு, நேராக இருபது மீட்டர் போய், பிறகு மெதுவாக வட்டமிடுங்கள். ஸ்டியரிங் தானாக நேராகப் பார்ப்பதைக் கையில் உணர்வீர்கள். அந்த உணர்வை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் தார்ச்சாலையில் மறந்துவிட்டாலும் கை உங்களை எச்சரிக்கும். ஹப் பூட்டியிருந்தால் 2எச்சுக்கும் 4எச்சுக்கும் இடையில் நேராக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம். 4எல்லுக்கு மட்டும் வண்டியை முழுமையாக நிறுத்தியே ஆக வேண்டும். நியூட்ரலைத் தாண்டிப் போகும்போது தயங்காமல் ஒரே மூச்சில் தள்ளுங்கள். பல் பிடிக்கவில்லை என்றால் கிளட்சை விட்டு மறுபடி மிதித்துப் போடுங்கள். நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்கிப் போய்விடாதீர்கள். கியரில் இருந்தாலும் அந்த நிலையில் இன்ஜின் வண்டியைப் பிடிக்காது, மேடாக இருந்தால் உருண்டுவிடும்.

ஜிப்ஸி கிங்கில் மேல்நிலையின் பல் விகிதம் சுமார் 1.4, கீழ்நிலையினுடையது சுமார் 2.27. அதாவது 4எல்லில் அதே கியரில் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலான இழுவை கிடைக்கிறது. மற்ற பெரிய ஜீப்புகளோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றமில்லை. ஆகவே கரடுமுரடான ஏற்றத்தில் 4எல்லில் முதல் கியரை அடிவாரத்திலேயே போட்டுக்கொண்டு, பாதியில் கியர் மாற்றாமல், கிளட்சில் காலை வைக்காமல் ஏறுங்கள். பாதியில் இன்ஜின் நின்றுவிட்டால் பதறிக் கிளட்சை மிதித்தால் வண்டி பின்னோக்கிப் பாயும். பிரேக்கை இறுக்கமாக மிதியுங்கள். பிறகு கிளட்சை மிதித்து ரிவர்ஸ் கியரைப் போட்டுக் கிளட்சிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை அசைத்து இன்ஜினையும் எழுப்பிவிடும். பிரேக்கை மெல்லத் தளர்த்தி, வந்த தடத்திலேயே நேராக இறங்குங்கள். சரிவில் பக்கவாட்டில் திருப்பினால் உயரமான வண்டி உருண்டுவிடும்.

மலைப்பாதை இறக்கம் வேறு கதை. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள்; உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இவை தார்ச்சாலைகள் என்பதால் இங்கே 4எல் போடக் கூடாது, 2எச்சிலேயே முதல் கியரிலோ இரண்டாம் கியரிலோ இறங்க வேண்டும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வது இன்றும் சரியான கணக்கு. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தபடி இறங்கினால் லைனிங் சூடாகித் தீய்ந்த வாடை வரும், அதற்குப் பிறகு பெடல் இருந்தும் இல்லாததுபோலாகிவிடும். அந்த வாடை வந்தால் அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி நேரம் தேநீர் குடியுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் வளைந்துவிடும்.

ஓடையைக் கடப்பதாக இருந்தால் முதலில் நடந்து பாருங்கள். தண்ணீர் ஹப்பின் நடுவைத் தாண்டினால் திரும்பிவிடுவதே புதியவருக்கு நல்லது. நீண்ட தூரம் ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பத்து நிமிடம் ஆறவிட்டு இறங்குங்கள். மறுநாள் ஆக்சில் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள், உடனே மாற்றிவிட வேண்டும்.

வாங்கிய வாரத்திலேயே செய்ய வேண்டியவை

முந்தைய உரிமையாளர் ‘இப்போதுதான் மாற்றினேன்’ என்று சொன்னாலும் எல்லா ஆயிலையும் மாற்றிவிடுங்கள். இன்ஜினைத் தவிர கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என நான்கு தனித்தனிப் பெட்டிகள் உள்ளன. பட்டறையில் டிரான்ஸ்ஃபர் கேஸையும் முன் ஆக்சிலையும் மறந்துவிடுவது சாதாரணம். ஆறு லிட்டர் 80டபிள்யூ-90 கியர் ஆயில் வாங்கினால் நான்குக்கும் போதும். கியர்பாக்ஸில் ஜி.எல்.-4 தரமே நல்லது, உள்ளிருக்கும் பித்தளை வளையங்களை அது அரிக்காது. டிஃபரன்ஷியலுக்கு ஜி.எல்.-5. ஆயிலை வடிப்பதற்கு முன் மேலேயுள்ள நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கீழ் போல்ட்டைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்துக் கழலாமல் வண்டி நகர முடியாமல் நின்றவர்கள் பலர். நிரப்பும் துளையிலிருந்து ஆயில் மெல்ல வழியத் தொடங்கினால் அளவு சரி. வடிகால் போல்ட்டின் காந்த முனையில் மெல்லிய கரும்பசை இருப்பது இயல்பு. பல்லின் துணுக்குகள் இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

இன்ஜினின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று எழுத்தில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடும் வாட்டர் பம்போடும் சேர்த்து ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். ரேடியேட்டர் ஹோஸ்களைக் கையால் அமுக்கி வெடிப்புப் பாருங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டும். கார்புரேட்டர் வண்டிகளில் சோக் கேபிளும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியும் காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கான முதல் இரண்டு காரணங்கள்.

கிரீஸ் கன் ஒன்றைச் சொந்தமாக வாங்குங்கள். ஷாஃப்டுகளின் மூட்டுகளிலுள்ள கிராஸ்களில் கிரீஸ் ஏற்றும் நிப்பிள் இருக்கும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், சேற்றிலோ தண்ணீரிலோ இறங்கி வந்த மறுநாளும் நிப்பிளைத் துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் ஓரமாகப் பிதுங்கி வரும்வரை அடியுங்கள். கிளட்சை விடும்போது அடியில் ‘டங்’ என்று ஓர் உதை கேட்டால் கிராஸ் தேய்ந்திருக்கலாம், டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் கிழிந்தும் இருக்கலாம். ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது இரண்டாவது லீவர் முன்னும் பின்னும் ஆடினால் மவுண்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஸ்டியரிங் உதறல்

ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சிறு பள்ளம் குறுக்கிட்டதும் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் இடமும் வலமுமாக உதறுவது பழைய ஜிப்ஸியின் பேர்போன நோய். பிரேக்கை அடித்து மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை விட்டு வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடும். ஒரு பட்டறையில் எனக்கு இரண்டு தடவை ஸ்டியரிங் டாம்பரை மாற்றிப் பணம் வாங்கினார்கள். மூன்று மாதத்தில் உதறல் திரும்பி வந்தது. டாம்பர் உதறலை மறைக்கும், காரணத்தை நீக்காது. காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

முன்சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டும் கொடுத்து, டயரின் உச்சியை ஒரு கையாலும் அடியை மறுகையாலும் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் வீட்டில் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங் தளர்ந்திருக்கிறது. நிற்காமல் அப்படியே இருந்தால் கிங்பின் பேரிங்தான் குற்றவாளி. அதைப் பிரித்துப் புது பேரிங் போட்டு, கிங்பின்னுக்கு அடியிலுள்ள மெல்லிய ஷிம்களைக் கூட்டியோ குறைத்தோ இறுக்கத்தைச் சரிசெய்ய வேண்டும். இதற்கு ஜிப்ஸி தெரிந்த கை தேவை. பிறகு டயரை மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டின் தேய்மானம் தெரியும். இவையெல்லாம் சரியாக இருந்தும் உதறினால் வீல் பேலன்ஸிங் செய்து பாருங்கள். நேரமும் செலவும் குறைவு என்பதால் சிலர் இதிலிருந்தே தொடங்குவார்கள், அதுவும் தவறில்லை.

அதே நேரத்தில் சக்கரத்தின் உட்பக்கம் உருண்டையாகத் தெரியும் நக்கிளையும் பாருங்கள். அதன் உள்ளே கெட்டியான கிரீஸ்தான் இருக்க வேண்டும். நீர்த்த கருப்புக் குழம்பு வழிந்து டயரின் உட்புறத்தை நனைத்திருந்தால், ஆக்சிலின் உள் சீல் தேய்ந்து டிஃபரன்ஷியல் ஆயில் நக்கிளுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். துடைத்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் சில மாதங்களில் கிங்பின் பேரிங்கும் போய்விடும்.

வண்டியை அதிகம் எடுக்காதவர்கள் மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் ஹப்பைப் பூட்டி, 4எச்சில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுங்கள். முன் ஆக்சிலின் பற்களிலும் சீல்களிலும் ஆயில் படாமல் காய்ந்து கிடந்தால், தேவைப்படும் நாளில் கைகொடுக்காது. கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அன்றே அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், குறிப்பாகப் பட்டைகளின் இடுக்குகளையும் சேஸிஸின் வடிகால் துளைகளையும். அந்தத் துளைகளில் மண் அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்தி எடுத்துவிட வேண்டும்.

தூரப் பயணத்துக்கு ஒரு ஃபேன் பெல்ட், ஒரு ஹோஸ், கிளிப்புகள், ஃபியூஸ்கள், ஒரு கிளட்ச் கேபிள், ஐந்து லிட்டர் தண்ணீர், இழுவைக் கயிறு, காற்றளவு பார்க்கும் கேஜ், ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிச் சதுரப் பலகை ஆகியவை போதும். பலகையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், சேற்றில் ஜாக்கி வண்டியைத் தூக்காமல் தான் புதைந்துகொள்ளும்போது அது நினைவுக்கு வரும். கூடவே டேஷ்போர்டில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம்: தேதி, கிலோமீட்டர், மாற்றிய ஆயில், அடித்த கிரீஸ். என் வண்டியில் இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது. அதன் முதல் பக்கத்தில் எழுதியிருப்பது டைமிங் பெல்ட் மாற்றிய தேதி.